கல்லூரித் தடத்திலிருந்து ஷூ ஒப்பந்தம் வரை

அமெரிக்கக் கல்லூரித் தடகளத்தில் தொலைதூர ஓட்டக்காரர்களுக்கு ஆண்டு முழுக்க வேலைதான். செப்டம்பரில் கிராஸ் கன்ட்ரி, அதாவது புல்வெளியிலும் மேட்டிலும் ஓடும் ஓட்டம், தொடங்கி நவம்பரில் முடியும். மார்ச் வரை உள்ளரங்கப் போட்டிகள். அதன் பிறகு ஜூன் நடுப்பகுதி வரை திறந்தவெளித் தடம். பெரும்பாலும் ஒரே ஆள்தான் மூன்றிலும் ஓடுகிறார். இத்தனை நெருக்கடியிலும், தொழில்முறைக்கு மாறும் பேச்சு அநேகமாக இரண்டு நேரங்களில்தான் முடிவுக்கு வருகிறது. ஒன்று டிசம்பர், இன்னொன்று ஜூன்.

டிசம்பருக்குக் காரணம் பாஸ்டன். அங்குள்ள பல்கலைக்கழகத்தின் 200 மீட்டர் உள்ளரங்கத் தடம், வளைவுகள் சரித்துக் கட்டப்பட்ட மிக வேகமான தடம். கிராஸ் கன்ட்ரி தேசியச் சாம்பியன்ஷிப் முடிந்து இரண்டு வாரத்தில் அங்கே 5000 மீட்டர் நடக்கும். நவம்பரின் உடல் தயார்நிலை அப்படியே இருக்கும். சேறும் மேடும் இருக்காது. ஹார்வர்டின் கிரஹாம் பிளாங்க்ஸ் 2024 டிசம்பரில் அங்கே 12 நிமிடம் 59.89 வினாடியில் ஓடினார். 2025 டோக்கியோ உலகச் சாம்பியன்ஷிப்புக்கான தகுதி நேரம் 13:01.00. அதற்கு முந்தைய மாதம்தான் இரண்டாவது முறையாகக் கல்லூரி கிராஸ் கன்ட்ரி பட்டத்தை வென்றிருந்தார். அதே மாத முடிவில், மிச்சமிருந்த கல்லூரிப் பருவங்களை விட்டுவிட்டு நியூ பேலன்ஸ் ஷூ நிறுவனத்தில் சேர்ந்தார். ஓராண்டுக்கு முன் 2023 டிசம்பரில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கேட்லின் டூயி அடிடாஸுக்குப் போனதும் இதே கணக்கில்தான். வென்ற பட்டங்கள் கையில் இருக்கின்றன, அடுத்த ஆண்டுக்கான பணத்தை நிறுவனங்கள் ஒதுக்குகின்றன, ஒப்பந்தம் ஜனவரியில் தொடங்குகிறது.

ஜூன் வேறு மாதிரி. கல்லூரிச் சாம்பியன்ஷிப்பில் ஆண்களுக்கு 10,000 மீட்டர் புதன்கிழமை, 5000 வெள்ளிக்கிழமை. பெண்களுக்கு வியாழனும் சனியும். இரண்டும் ஓடுபவருக்கு நடுவே நாற்பத்தெட்டு மணி நேரம்தான். அதற்கு முன்பே மே இறுதியில் கிழக்கு, மேற்கு என்று தகுதிச் சுற்று. ஒவ்வொரு பக்கமும் 48 பேர் ஓடி 12 பேர் மட்டும் முன்னேறுவார்கள். இவ்வளவும் முடிந்து, ஒலிம்பிக் ஆண்டென்றால், இரண்டே வாரத்தில் தேசியத் தேர்வு. 2024இல் கல்லூரிப் போட்டி ஜூன் 8 அன்று முடிந்தது. தேர்வு 21ஆம் தேதி தொடங்கிவிட்டது. ஒரே மாதத்தில் இரண்டு முறை உச்சத்தில் இருக்க எல்லா உடம்பாலும் முடியாது. முடிந்தவர்களில் ஒருவர் ஆரிகன் பல்கலைக்கழகத்தின் கோல் ஹாக்கர். 2021இல் கல்லூரி 1500 பட்டத்தை வென்று, அதே மாதம் ஒலிம்பிக் தேர்வையும் வென்றார். தகுதி நேரமான 3:35.00 அவரிடம் இல்லை. உலகத் தரவரிசைப் புள்ளிகள்தான் அவரை டோக்கியோ ஒலிம்பிக்குக்கு அனுப்பின. தகுதி நேரத்தை மட்டுமே துரத்தும் மாணவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பெரிய போட்டியில் நல்ல இடம் பிடித்தால் வரும் புள்ளி, வேகமான தடத்தில் ஆறாவதாக வந்து பெற்ற நேரத்தைவிடச் சில சமயம் அதிகம் உதவும். ஷூ நிறுவனங்களும் இடத்தைத்தான் முதலில் பார்க்கின்றன.

ஊடகம் இந்த இரண்டு நேரங்களிலும்தான் குவிகிறது. 5000 மீட்டர் முடிந்த ஓட்டக்காரரை முதலில் தொலைக்காட்சி பிடித்துக்கொள்ளும். பிறகு நிருபர்கள் வரிசையாக நிற்கும் தடுப்பு வேலி. ஒவ்வொரு மைக்காக நின்று பதில் சொன்னால் இருபது, இருபத்தைந்து நிமிடம் போய்விடும். வியர்வை காய்ந்து கெண்டைக்கால் இறுகிப்போன பிறகு, உடலைத் தணிக்கும் மெது ஓட்டத்துக்குக் கிளம்புவதில் பயன் குறைவு. மறுநாளோ அதற்கு மறுநாளோ இன்னொரு பந்தயம் இருந்தால் இது நேரடி நஷ்டம். கல்லூரியின் ஊடகத் தொடர்பாளர் வேலி முனையில் ஜாக்கெட்டும் பானமும் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். பந்தயம் முடிந்த முதல் நான்கு மணி நேரத்தில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் மணிக்கு ஒரு கிராம் மாவுச்சத்து என்பது பொதுக் கணக்கு. 55 கிலோ எடை கொண்டவருக்கு மணிக்கு ஏறத்தாழ 55 கிராம். அதன் முதல் பங்கு பேட்டிக்கு முன்பே வாய்க்குள் போயிருக்க வேண்டும். தொலைக்காட்சிக்கு ஒன்றரை நிமிடம், வேலியில் எல்லோருக்கும் சேர்த்து ஐந்து நிமிடம், மற்றவை மெது ஓட்டத்துக்குப் பிறகு. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் நிருபர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். சொல்லாமல் பாதியில் இழுத்துக்கொண்டு போனால்தான் மனக்கசப்பு.

"தொழில்முறைக்குப் போகிறீர்களா?" என்ற கேள்வி நிச்சயம் வரும். பந்தயம் முடிந்த மூச்சிரைப்பில் அதற்குப் பதில் யோசிக்கக் கூடாது. "இந்தப் பருவம் முடிந்த பிறகு பயிற்சியாளருடன் பேசுவேன்" என்பது போதும். உணர்ச்சிவசப்பட்டு ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்லிவிட்டால் மற்ற நிறுவனங்கள் விலையைக் குறைத்துவிடும். எடை, மாதவிடாய், காயம் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை. மருத்துவ விவரத்தை மாணவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் கல்லூரி வெளியிடக் கூடாது. இதைப் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி மைக்குக்கு முன்னால் நிற்கும்போது தெரிந்துகொள்வது தாமதம். கல்வியாண்டு தொடங்கும் ஆகஸ்டிலேயே சொல்லித்தர வேண்டும். பயிற்சிச் செயலியில் ஓடும் பாதையை உடனுக்குடன் பதிவேற்றுவதும் ஆபத்துதான். தொடங்கும் இடம், முடிக்கும் இடம் இரண்டையும் மறைத்து, ஒரு நாள் கழித்துப் பதிவேற்றினால் பின்தொடர்பவர்களுக்கு வீட்டு வாசல் தெரியாது.

ஊடகம் செய்யும் இன்னொரு தீங்கு பற்றிக் குறைவாகத்தான் பேசுகிறோம். புளோரிடா பல்கலைக்கழகத்தின் பார்க்கர் வால்பி 2023இல் கிராஸ் கன்ட்ரி பட்டமும், 2024இல் உள்ளரங்க 3000, 5000 பட்டங்களும், திறந்தவெளியில் 5000, 10,000 பட்டங்களும் வென்றார். அவர் வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் ஓடுகிறார் என்பதே தலைப்புச் செய்தி ஆனது. மற்ற நாள்களில் கால் தரையில் மோதாமல் பயிற்சி தரும் ஆர்க் டிரெய்னர் இயந்திரத்திலும் சைக்கிளிலும் அவர் போட்ட கடும் உழைப்பு செய்தியின் கீழ்ப்பகுதியில் கிடந்தது. தலைப்பை மட்டும் படித்தவர்கள் ஓட்டத்தைக் குறைத்தார்கள்; அதே அளவு இதயத் துடிப்பில் மாற்றுப் பயிற்சி செய்யவில்லை. எலும்பு முறிவு வரலாறு உள்ள ஒருவருக்காக அமைத்த திட்டம் எல்லோருக்கும் பொருந்தாது. பயிற்சியாளர் பேட்டி கொடுக்கும்போது கிலோமீட்டர் கணக்கோடு மணிக் கணக்கையும் சேர்த்துச் சொல்வது நல்லது.

பணத்துக்கு வருவோம். 1970 ஜூனில், 19 வயதில், ஆரிகன் பல்கலைக்கழக ஓட்டக்காரர் ஸ்டீவ் பிரீஃபான்டைன் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழின் அட்டையில் வந்தார்; அந்தப் புகழிலிருந்து ஒரு டாலர்கூட எடுக்க அன்றைய அமெச்சூர் விதி விடவில்லை. 2021 ஜூலை 1 முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயர், படம், புகழை வைத்துச் சம்பாதிக்கலாம்; எல்லோரும் என்ஐஎல் என்று சொல்வது இதைத்தான். 2025 ஜூலை முதல் கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். ஒரு கல்லூரிக்கு முதல் ஆண்டு உச்சவரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர். அதில் பெரும்பகுதி அமெரிக்கக் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் போகிறது; ஓட்டக்காரருக்குச் சிந்தியதுதான் வருகிறது. அதனால் வெளி நிறுவனங்களின் ஒப்பந்தமே அவருக்கு முக்கியம். 600 டாலரோ அதற்கு மேலோ உள்ள எந்த ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். அடிக்கடி தவறுவது சீருடையில். கல்லூரிக்கு ஒரு ஷூ நிறுவனம், மாணவருக்கு வேறொரு நிறுவனம் என்றால் பந்தயத்தில் கல்லூரிச் சீருடைதான். விளம்பரப் படத்தில் அனுமதியில்லாமல் கல்லூரிச் சின்னம் தெரியக் கூடாது. எழுத்தில்லாத வெள்ளை பனியன் ஒன்று பையில் இருந்தால் போதும்.

இனி ஷூ ஒப்பந்தம். செய்தியில் வருவது மொத்தத் தொகையும் ஆண்டுகளும் மட்டும்தான். படிக்க வேண்டியது குறைப்பு விதிகளை. தேசியச் சாம்பியன்ஷிப்பில் குறிப்பிட்ட இடத்துக்குள் வராவிட்டால் இத்தனை சதவீதம் குறையும், ஆண்டில் குறைந்தபட்சப் பந்தயங்கள் ஓடாவிட்டால் குறையும், உலகத் தரவரிசையில் கீழே போனால் குறையும் என்று அடுக்கி வைத்திருப்பார்கள். இந்த விதிகளைக் காயம்பட்ட ஆண்டை மனத்தில் வைத்துப் படிக்க வேண்டும். இரண்டு குறைப்புகள் ஒரே ஆண்டில் வந்தால் கூட்டிக் கழிப்பார்களா, பெரியதை மட்டும் எடுப்பார்களா? மருத்துவச் சான்று கொடுத்தால் ஓடாத பந்தயம் ஓடியதாகக் கணக்கில் வருமா? அடுத்த ஆண்டு நன்றாக ஓடினால் தொகை பழைய நிலைக்கு ஏறுமா, குறைந்த இடத்திலேயே நிற்குமா? கடைசி ஆண்டை நீட்டிக்கும் உரிமை நிறுவனத்துக்கு மட்டுமா? பெண்களுக்கு மகப்பேறு காலத்தில் தொகை குறையாது என்று எழுத்தில் இருக்கிறதா? 2019இல் ஓட்டக்காரர்கள் அலீசியா மொன்டானோ, காரா கௌச்சர், ஆலிசன் ஃபீலிக்ஸ் ஆகியோர் வெளிப்படையாகப் பேசிய பிறகுதான் நைக்கி 18 மாதப் பாதுகாப்பை ஒப்பந்தத்தில் சேர்த்தது.

போட்டி நிறுவனம் தரும் தொகையைத் தானும் தந்து வீரரைத் தக்கவைத்துக்கொள்ளும் உரிமை என்று ஒன்று உண்டு. 800 மீட்டர் ஓட்டக்காரர் போரிஸ் பெரியனின் வழக்கு அதற்குப் பாடம். 2015 இறுதியில் நைக்கி ஒப்பந்தம் முடிந்தது. நியூ பேலன்ஸ் மூன்று ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 1,25,000 டாலர், குறைப்பு விதி எதுவும் இல்லாமல் தர முன்வந்தது. நைக்கி அதே தொகையைத் தருவதாகச் சொன்னது. குறைப்பு விதி இல்லை என்பதும் அதில் அடங்குமா என்பதே சண்டை. 2016 ஏப்ரலில் வழக்குப் போட்ட நைக்கி, ஒலிம்பிக் தேர்வுக்குச் சற்று முன் அதைத் திரும்பப் பெற்றது. ஆகவே புதிய நிறுவனம் தரும் கடிதத்தில் "குறைப்பு இல்லை" என்பதைத் தனி வரியாக எழுதி வாங்க வேண்டும். வாய்மொழி உறுதி செல்லாது.

ஆண்டுக்கு 80,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். காயத்தால் 20 சதவீதம் குறைந்தால் 64,000. ஏஜென்ட் பங்கு 15 சதவீதம், 9,600 போகும். மீதி 54,400. ஓட்டக்காரர் நிறுவனத்தின் ஊழியர் அல்ல, சுயதொழில் செய்பவர். அதற்கான வரி மட்டும் ஏறத்தாழ 7,700. வருமான வரியும் மாநில வரியும் தனி. யாரும் பிடித்தம் செய்ய மாட்டார்கள். ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி 15 தேதிகளில் தானே கட்ட வேண்டும். கல்லூரியில் இலவசமாகக் கிடைத்த பிசியோதெரபி, ரத்தப் பரிசோதனை, மசாஜ், சாப்பாடு, மருத்துவர் எல்லாம் கையெழுத்திட்ட மறுநாளிலிருந்து சொந்தச் செலவு. பெற்றோரின் மருத்துவக் காப்பீட்டில் 26 வயது வரை இருக்கலாம் என்பது பெரிய நிம்மதி. நிறுவனம் நடத்தும் பயிற்சிக் குழுவில் சேர்ந்தால் பயிற்சியாளர் சம்பளமும் முகாம் செலவும் அவர்கள் தலையில். அதனால் சற்றுக் குறைந்த தொகையோடு நல்ல குழு என்பதே எங்கள் தேர்வு. யாரெட் நுகூசே 2022 வரை நோட்ரடேமில் ஓடிவிட்டு, போல்டரில் டேதன் ரிட்ஸன்ஹைன் நடத்தும் ஆன் (On) என்ற ஷூ நிறுவனத்தின் குழுவுக்குப் போனார். மறு ஆண்டே ஒரு மைலை 3:43.97இல் ஓடி அமெரிக்கச் சாதனை படைத்தார். 2024 பாரிஸில் 1500 வெண்கலம்.

தமிழ்நாட்டிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் தடகள உதவித்தொகையில் போகும் மாணவர்களுக்குக் கணக்கு வேறு. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் அமெரிக்க மண்ணில் விளம்பர வேலை செய்து பணம் வாங்கினால் விசாவே போகலாம். ஒப்பந்தத்துக்கு முன் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டாக வேண்டும். பயிற்சியாளர் சொன்னார் என்பது குடியேற்றத் துறையிடம் எடுபடாது. தொழில்முறைக்கு மாறி அங்கேயே இருந்து பயிற்சி எடுக்க பி-1ஏ (P-1A) அல்லது ஓ-1 (O-1) விசா தேவை. அந்த விண்ணப்பத்துக்கு நாளிதழ்ச் செய்திகளும் ஆதாரமாகச் சேரும் என்பதால், பேட்டிகளையும் செய்திக் கட்டுரைகளையும் தேதியோடு சேர்த்து வைப்பது வீண்வேலை இல்லை.

ஊக்கமருந்துப் பரிசோதனைப் பட்டியலில் பெயர் இருப்பவர்கள் தினமும் அறுபது நிமிடம் எங்கே இருப்பார்கள் என்று முன்கூட்டியே பதிய வேண்டும். பன்னிரண்டு மாதத்தில் மூன்று முறை தவறினால் தடை. அந்தத் தவறுகளுக்கு ஏற்ற சமயம் கல்லூரியை விட்டு வெளியேறும் வாரம்தான். பட்டமளிப்பு, வீடு காலி செய்வது, உயரமான இடத்தில் உள்ள ஃபிளாக்ஸ்டாஃப் பயிற்சி முகாமுக்குக் கிளம்புவது என்று எல்லாம் ஒன்றாக வரும். செயலியில் பழைய விடுதி முகவரியே இருக்கும், சோதனையாளர் காலை ஆறு மணிக்கு அங்கே கதவைத் தட்டுவார். ஏஜென்ட் பதிந்துவிடுவார் என்று விட்டுவிட்டாலும் பொறுப்பு ஓட்டக்காரருடையதே. பெட்டி கட்டுவதற்கு முன் முகவரியை மாற்றி, பதிவானதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.