உப்புதான் முதல்: அக்கரைப்பேட்டை ஆயாவின் கருவாடு

2024 ஏப்ரல் 4

ஆயா போய்ச் சேர்ந்துவிட்டார். வயது எண்பத்தெட்டு. நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டைக் கரையில் கல்யாணமாகி வந்த நாள் முதல் கருவாடு போட்டவர். துக்கத்துக்கு வந்த உள்ளூர்க்காரர்களைவிடக் கீழ்வேளூர், தேவூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பங்கள்தான் அதிகம். தை, மாசி அறுவடையில் கூடையோடு களத்துக்குப் போய் நெல்லுக்குக் கருவாடு கொடுத்த காலத்துப் பழக்கம் அது.

அவர் முறையை எழுதிவைக்கச் சொல்லி நிறையப் பேர் கேட்டார்கள்.

ஏப்ரல் 6

வீணான மீனைத்தான் கருவாடாக்குவார்கள் என்று சொன்னால் ஆயாவுக்குக் கோபம் வரும். ஏலத்தில் எடுக்கும்போதே வயிற்றை விரலால் அமுக்கிப் பார்ப்பார். குழி விழுந்து எழும்பாவிட்டால் அந்தக் கூறு வேண்டாம். பல நாள் ஐஸில் கிடந்து வரும் விசைப்படகு மீனில் வயிறு வெடித்தது நிறைய இருக்கும்.

வஞ்சிரம், பாரை, கொடுவா என்றால் முதுகுப்பக்கம் கீறி விரித்து, குடலும் செவுளும் எடுக்க வேண்டும். அதன்பின் முள்ளோரம் ஒட்டியிருக்கும் ரத்தத்தைக் கத்தி முனையால் சுரண்ட வேண்டும். பலர் விடுவது இதைத்தான். அந்த ரத்தம் கறுத்து, சதை முள்ளிலிருந்தே நாற ஆரம்பிக்கும். மேலே எவ்வளவு காய்ந்தாலும் உள்ளே கெட்டதுதான். கனத்த சதையில் இரண்டு விரல் இடைவெளிக்கு ஒரு கீறல் போட்டால்தான் உப்பு இறங்கும். கழுவுவது கடல் தண்ணீரில்.

ஏப்ரல் 7

உப்பைப் பற்றித்தான் அவர் அதிகம் பேசுவார். வெயில் கருவாடு ஆக்குகிறது என்று வெளியூரில் நினைக்கிறார்கள். மீனிலிருந்து தண்ணீரை முதலில் இழுத்து வெளியே தள்ளுவது உப்பு. மிச்சத்தைத்தான் வெயில் பார்த்துக்கொள்ளும்.

வேதாரண்யத்துக் கல்லுப்பு, அதுவும் போன வருஷம் அம்பாரமாகக் குவித்துவைத்த உப்பு. புது உப்பில் மக்னீசியம் அதிகம்: கருவாடு கசக்கும், காற்றின் ஈரத்தை இழுக்கும், உப்பு சதைக்குள் இறங்கவும் தாமதமாகும். அம்பாரத்தில் கிடக்கக் கிடக்க அது வடிந்துவிடும். பொடியுப்பு மேல் சதையைச் சட்டென்று இறுக்கிவிடும், உள்ளே உப்பு போகாது.

அளவு: பெரிய மீனுக்கு மூன்று கிலோவுக்கு ஒரு கிலோ உப்பு, நடுத்தர மீனுக்கு நாலைந்து கிலோவுக்கு ஒன்று. தொட்டியின் அடியில் உப்பு, அதன்மேல் தோல் கீழே இருக்கும்படி மீன், மறுபடி உப்பு. மேலே பலகை வைத்துக் கல் ஏற்ற வேண்டும். சில மணி நேரத்தில் மீனே தண்ணீர் விட்டு மூழ்கும். மூழ்காமல் நிற்கும் துண்டில்தான் ஈ முட்டை வைக்கும், மறுநாள் புழு. நடுத்தர மீனுக்கு ஒரு நாள், சுறாத் துண்டுக்கு இரண்டு மூன்று நாள்.

அவர் அம்மா காலத்தில் உப்புக்கு வரி இருந்தது. சென்னை மாகாணத்தில் மீனுக்கென்று வரியில்லா உப்பு, அரசு வேலி போட்ட முற்றத்துக்குள் மட்டும்தான் கிடைக்கும். அங்கேயே உப்பிட வேண்டும். 1947இல் வரி போனது. ஆனாலும் கீழே சிந்திய உப்பைக் கூட்டி எடுக்கும் வழக்கம் ஆயாவிடம் கடைசிவரை போகவில்லை. (கூட்டிய உப்பு மீனுக்கு ஆகாது. மண்ணும் பழைய கசடும் சேர்ந்தது. தென்னைக்குப் போட்டார்.)

ஏப்ரல் 10

தொட்டியிலிருந்து எடுத்ததும் அதே உப்புத் தண்ணீரில் ஒரு அலசு. நல்ல தண்ணீர் படக்கூடாது. பழைய வலையைக் கம்புகளில் இழுத்துக் கட்டி, இடுப்பு உயரத்தில் பரப்பினால் அடியிலும் காற்று போகும். மணலில் போட்டால் மண் ஒட்டும். தார்ப்பாயில் போட்டால் அடியில் வியர்க்கும்.

முதல் நாள் உச்சி வெயில் கூடாது. மேல்தோல் ஓடாக இறுகி உள் ஈரம் அடைபட்டுவிடும். காலை வெயில் காட்டி, பதினொரு மணிக்குமேல் ஓலை மூடி, மூன்று மணிக்கு மறுபடி திறப்பார். இரண்டாம் நாளிலிருந்து முழு வெயில். நடுத்தர மீன் மூன்று நாளில் முடியும்.

நெத்திலிக்கு உப்பே வேண்டாம். நல்ல வெயிலில் இரண்டு நாள். நாலு கிலோ பச்சைக்கு ஒரு கிலோ தேறும். மத்திதான் வம்பு. எண்ணெய் மஞ்சளாகப் பூத்துச் சிக்கு வாடை அடிக்கும். அதை ஆயா மாதக்கணக்கில் வைத்ததே இல்லை.

ஏப்ரல் 14

நள்ளிரவோடு மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது, ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகெல்லாம் துறையில். ஃபைபர் படகு மீன் சமையலுக்கே பத்தாது, இனிப் புதுச் சரக்கு கொஞ்சம்தான்.

ஏப்ரல் 17

2004 டிசம்பர் 26 சுனாமி அலையில் தொட்டி மூன்றும் மணலால் நிரம்பின, உப்பு மூட்டைகள் கரைந்தே போயின. பிறகு பல வாரம் மீன் என்றாலே ஜனங்கள் முகம் சுளித்தார்கள். உள்ளூர்ப் பரணில் தப்பிய பழைய கருவாட்டை, அலைக்கு முன்பு போட்டது என்று சொல்லிச் சொல்லித்தான் ஆயா விற்றார்.

மழைக்காலத்தில் கருவாட்டை எப்படிக் காப்பது என்று கேட்டவர்களுக்கு: கருவாட்டில் ரோஸ் நிறம் படர்ந்து பிசுபிசுத்தால் அது உப்போடு வரும் நுண்ணுயிர். உப்பு கூடுதலாகப் போட்டாலும் சாகாது. ஈரக் காற்றில் பெருகும். தொடக்கத்திலேயே கண்டால் உப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி இரண்டு நாள் காயவைக்கலாம். சதை குழைந்துவிட்டால் குப்பைதான். வண்டுக்கு மருந்துப் பொடி தூவுகிறவர்களிடம் ஆயா பேசவே மாட்டார். பனையோலைப் பெட்டியில் அடுக்கி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை வெயில் காட்டுவதுதான் அவர் வழி. வெயில் பட்ட சூட்டோடு பெட்டியில் போடாதீர்கள். ஆறவிட்டு அடுக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும்.