முந்திப் பூக்கும் பட்டாணியும் அதன் விதை விளைச்சலும்

பட்டாணியில் முந்திப் பூக்கும் செடியைக் கண்டெடுப்பது பெரிய வேலையன்று. அப்படிப் பூத்த செடியிலிருந்து போதிய விதையைப் பெறுவதுதான் கடினம். சில கணுக்களிலேயே பூவெடுத்துவிடும் செடியில், காய்களுக்கு உணவூட்டப் போதிய இலைப்பரப்பு சேர்வதற்கு முன்பே காய்ச்சுமை ஏறிவிடுவதால், வளர்நுனி விரைவில் ஓய்ந்து செடியும் பழுத்துவிடுகிறது. ஆனால் வட இந்தியச் சமவெளியில் மார்ச் மாத வெயிலுக்கும் சாம்பல் நோய்க்கும் முன்பே அறுவடையை முடிக்க விரும்பும் உழவருக்கு அந்த முந்திய பூப்புதான் தேவை.

இந்தச் சிக்கலுக்கு விடை தேடுபவர்கள் ஜெர்மனியின் பான் நகரில் மரபியலாளர் கோட்ஷால்க் பல ஆண்டுகள் நடத்திய ஆய்வுகளைக் கட்டாயம் படிக்க வேண்டும் என்பேன். டிப்பெஸ் கெல்பே விக்டோரியா என்னும் ரகத்தின் விதைகளை எக்ஸ் கதிருக்கும் நியூட்ரானுக்கும் உட்படுத்தி அவர் ஏராளமான சடுதிமாற்றச் செடிகளை, அதாவது மரபணு திடீரென மாறிய செடிகளைப் பெற்றார். அவற்றுள் ஒன்று முந்திப் பூத்தது. மற்றொன்றின் தண்டு மேற்பகுதியில் கவடாகப் பிரிந்தது. வேறு சிலவற்றின் தண்டு பட்டையாக அகன்று, உச்சியில் பூக்கள் கொத்தாகக் குவிந்தன. மெண்டல் 'நுனியில் பூப்பவை' என்று பிரித்தெழுதிய செடிகளும் இந்தப் பட்டைத்தண்டு வகையே. முந்திப் பூக்கும் மரபணுவோடு கவடு மரபணுவைச் சேர்த்தால், கணுக்கள் குறைந்த செடியிலும் காய்க்கும் இடங்கள் கூடும். எல்லாச் சேர்க்கையும் பலன் தருவதில்லை. பட்டைத்தண்டுச் செடிகளில் காய்கள் பெருகினாலும் ஒரு காய்க்குரிய விதைகள் குறைந்துவிடுவது உண்டு.

முந்திப் பூக்கும் செடி, கவடுச் செடி ஆகிய பெற்றோர் இரண்டும் ஒரே தாய் ரகத்திலிருந்து வந்தவை என்பதைத்தான் நான் இந்தக் கலப்பின் பெரிய பலமாகக் கருதுகிறேன். பின்னணி மரபணுக்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், கலப்பில் தோன்றும் ஏற்றத்தாழ்வை அந்த இரு மரபணுக்களின் கூட்டு விளைவாகக் கொள்ள முடிகிறது. விளைச்சல் குறைவு என்று சடுதிமாற்றச் செடியை உடனே கழித்துவிடும் வழக்கம் எனக்கு உடன்பாடன்று. தனியே நலிந்து நிற்கும் மரபணு வேறொன்றோடு சேர்ந்தால் எப்படி நடந்துகொள்ளும் என்பது கலந்து பார்த்தால்தான் தெரியும்.

கலப்பில் மொட்டைத் தேர்வதற்குத்தான் கவனம் மிகுதியாக வேண்டும். பட்டாணியில் மொட்டு விரிவதற்கு முன்பே தன்மகரந்தச் சேர்க்கை முடிந்துவிடும். ஆகவே இதழ் நிறம் இன்னும் தெளியாத மொட்டைக் கீறி, மகரந்தப்பைகளை மூடியிருக்கும் படகு இதழை மெல்ல ஒதுக்கி, பத்து மகரந்தப்பைகளையும் இடுக்கியால் எடுத்துவிட்டு, ஆண் செடியில் புதிதாய் விரிந்த பூவின் மகரந்தத்தைச் சூலகமுடியில் தடவ வேண்டும்.

முதல் தலைமுறையில் இரு பண்புகளும் ஒளிந்திருக்கும், ஏனெனில் இரண்டும் ஒடுங்கு மரபணுக்கள்; இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படுபவை. அவை தனித்தனிக் குரோமோசோம்களில் இருந்தால், இரண்டாம் தலைமுறையில் 16 செடிகளுக்கு ஒன்றில் இரண்டும் வெளிப்படும். முதலில் முந்திப் பூத்தவற்றுக்கு அடையாளம் கட்டிவிட்டு, அவற்றுள் பின்னர் எது கவடு விடுகிறது என்று பார்த்தால் தேடல் எளிதாகிறது. இரு பண்பும் வெளிப்பட்ட செடி, அந்தப் பண்புகளைப் பொறுத்தவரை அடுத்த தலைமுறையிலேயே மாறாமல் நிலைத்துவிடும். ஆயினும் இடம்விட்டு வளர்ந்த ஒற்றைச் செடியின் விதை எண்ணிக்கையை மட்டும் நம்பி விளைச்சலை மதிப்பிடக் கூடாது. தாய் ரகத்தை அருகில் வைத்து, நெருக்கமான வரிசைகளில், வெவ்வேறு பருவங்களில் விதைத்து, செடிக்கு எத்தனை காய், காய்க்கு எத்தனை விதை, விதையின் எடை எவ்வளவு என்று தனித்தனியே குறித்தால்தான் கவடு தந்த ஆதாயம் உண்மையா என்பது தெரியும்.