காஷ்: மணல் இல்லாத கடற்கரை ஊர்

துருக்கியின் தென்மேற்குக் கரையில் இருக்கிற காஷுக்குப் பக்கத்தில் விமான நிலையம் கிடையாது. தலமானில் இறங்கினால் காரில் இரண்டரை மணி நேரம், அந்தாலியாவில் இறங்கினால் மூன்று மணி நேரத்துக்கும் மேல், அதிலும் பாதி தூரம் மலைக்கும் கடலுக்கும் நடுவே வளைந்து வளைந்து போகிற ரோடு. ஊருக்குள் மணல் கடற்கரையும் இல்லை. இந்த இரண்டு குறைகளும்தான் ஊரைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன என்பது என் கட்சி. மணல் விரிந்து கிடக்கிற ஊர்களுக்கெல்லாம் பெரிய ரிசார்ட்டுகள் வந்துவிட்டன, இங்கே பெரும்பாலும் குடும்பமாக நடத்துகிற சின்ன விடுதிகள்தான்.

ஊருக்கு இரண்டு துறைகள். முன்பக்கம் பழைய துறைமுகம்: மீன்பிடிப் படகுகள், காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கெகோவா தீவுப் பக்கம் போகிற மரப்படகுகள், வலைக்குப் பக்கத்தில் காத்திருக்கும் பூனைகள். பின்பக்கம், நிலத்துக்குள் ஆழமாகப் புகுந்த ஒரு குடாவில், 2011-ல் திறந்த மரினா. வெள்ளை வெளேரென்று பாய்மரப் படகுகள் வரிசையாக நிற்கின்றன, காபிக் கடைகள் இருக்கின்றன, எல்லாம் சுத்தம். சாயங்காலம் ஒரு நடை போக நல்ல இடம், ஆனால் உட்கார்ந்து நேரம் போவதே தெரியாமல் இருக்க வேண்டுமென்றால் பழைய துறைதான். டீ வாங்கினால் இடுப்பு ஒடுங்கிய கண்ணாடிக் குவளையில் கொடுப்பார்கள், எழுந்து போ என்று யாரும் பார்ப்பதில்லை.

எதிரே தெரிவது கிரேக்கத் தீவு, கஸ்தெலோரிசோ. துருக்கியர்களுக்கு அது மெய்ஸ். படகில் அரை மணி நேரம்கூட ஆகாது, ஆனால் நம் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும், அது என்னிடம் இல்லை. சரி, பார்த்துக்கொண்டாவது இருப்போம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

குளிக்கப் போவதும் இங்கே கொஞ்சம் வேறு மாதிரி. பாறைமேல் பலகை அடித்து மேடை போட்டிருக்கிறார்கள், அதிலிருந்து இரும்பு ஏணி நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. கால் வைத்ததுமே ஆழம், அதனால் நீச்சல் தெரியாதவர்களுக்குச் சிரமம்தான். புயுக் சகில் என்கிற கூழாங்கல் கரையில் நிலத்தடி ஊற்று கடலோடு கலக்கிறது, ஒரு கை வீச்சில் வெதுவெதுப்பு, அடுத்த வீச்சில் ஐஸ் மாதிரி குளிர். மணல்தான் வேண்டும் என்றால் பக்கத்து ஊரான கல்கானுக்குப் போகிற வழியில் கபுதாஷ் கடற்கரை இருக்கிறது, தோல்முஷ் எனப்படும் மினி பஸ்ஸில் போகலாம், ஏறத்தாழ இருநூறு படி இறங்கி, மறுபடி வெயிலில் ஏற வேண்டும்.

பழைய காலத்தில் இந்த ஊர் அந்திஃபெல்லோஸ், இந்தக் கரையில் வாழ்ந்த லிசியர்கள் என்ற பழங்கால மக்களின் துறைமுகம். கடைத்தெருவில் ஏறிக்கொண்டே போனால் உச்சியில் ஒரு பெரிய கல் சவப்பெட்டி, மூடியில் சிங்க முகங்கள், கி.மு. 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சுற்றிலும் செருப்புக் கடை, கம்மல் கடை. மேற்கே பத்து நிமிடம் நடந்தால் கல் அரங்கம், 26 வரிசை. மேடைக்குப் பின்னால் மறைக்கிற கட்டடம் இல்லாததால் அங்கே உட்கார்ந்தால் கடலும் தீவும்தான் நாடகம். சூரியன் மறைகிற நேரத்துக்கு ஊரே பியர் பாட்டிலும் சூரியகாந்தி விதையுமாக வந்துவிடுகிறது.

உலுபுருன் கப்பலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தப்பு. ஊருக்குத் தென்கிழக்கே உள்ள முனையில் 1982-ல் ஒரு கடற்பஞ்சு எடுப்பவர் கண்டது, ஏறத்தாழ 3300 வருடங்களுக்கு முன் மூழ்கிய சரக்குக் கப்பல். 1984 முதல் 1994 வரை முங்கி முங்கி எடுத்தார்கள்: பத்து டன் செம்பு, ஒரு டன் வெள்ளீயம். வெண்கலம் வார்க்கக் கலக்கிற அதே பத்துக்கு ஒன்று கணக்கு! ஆனால் இதையெல்லாம் பார்க்க போட்ரம் என்ற வேறொரு ஊரின் கோட்டை அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும். காஷ்காரர்களுக்கு இதில் வருத்தம் இருக்குமோ என்னவோ, எனக்கு இருந்தது.

போகிறவர்கள் ஜூலை, ஆகஸ்டைத் தவிர்த்துவிடுங்கள், வெயிலும் அதிகம், அறை வாடகையும் அதிகம். மே கடைசி அல்லது அக்டோபர் தொடக்கம் நல்லது. வெள்ளிக்கிழமை ஊரில் இருக்கிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள், அன்றுதான் சந்தை. மலைக் கிராமத்துப் பெண்கள் சுட்டுத் தருகிற கீரை கொஸ்லெமேயை (உள்ளே கீரை வைத்து மடித்த மெல்லிய ரொட்டி) அங்கேயே நின்று சாப்பிட வேண்டும், அப்புறம் ஒரு டம்ளர் அய்ரான், அதாவது உப்புப் போட்ட மோர்.