குடல் ஆபரேஷனுக்குப் பிறகு சிஇஏ: எப்போது எடுப்பது, எப்படிப் படிப்பது

பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து செக்கப்புக்கு வருகிறவர்கள் ரிப்போர்ட்டில் முதலில் தேடுவது சிஇஏ (CEA) அளவைத்தான், அதாவது இந்தக் கட்டிகள் பல சுரந்து ரத்தத்தில் விடும் ஒரு புரதத்தின் அளவை. அதைப் படிக்க, ஆபரேஷனுக்கு முன் எடுத்த அளவு கையில் இருக்க வேண்டும். அவசரத்தில் விட்டுப்போவதும் அதுதான். கட்டியை எடுத்த பிறகு அந்த எண் திரும்பக் கிடைக்காது. அட்மிஷன் ரத்தத்திலேயே சேர்த்து எடுக்கச் சொல்லிவிடுங்கள். வெறும் வயிறு தேவையில்லை.

மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் வரை நார்மல் என்று பல லேப்களில் போடுவார்கள். ஆபரேஷனுக்கு முன்பே அதைத் தாண்டியிருந்தால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுதல். ஆனால் நிணநீர்க் கணுக்களில் பரவியிருக்கிறதா என்ற பயாப்ஸி முடிவோடு சேர்த்துத்தான் டாக்டர் அதை எடைபோடுவார். சிலருடைய கட்டி சிஇஏவைச் சுரக்கவே சுரக்காது. அவர்கள் ‘அளவு ஏறவில்லையே’ என்று ஸ்கேனைத் தள்ளிப்போடவே கூடாது.

கட்டி போனதும் சிஇஏ உடனே இறங்கிவிடாது. முதல் வாரத்தில் பார்த்துப் பயந்துபோகிறவர்கள் அதிகம். 4 முதல் 6 வாரம் கழித்து, கீமோ தொடங்கும் முன் எடுங்கள். அப்போதும் இறங்காவிட்டால் நோய் எங்காவது மிச்சமிருக்கிறதா என்று தேட வேண்டும். பிறகு முதல் 2 ஆண்டு 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, 5 ஆண்டு வரை 6 மாதத்துக்கு ஒருமுறை.

ஒரே லேப்பிலேயே எடுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி டெஸ்ட் கிட் மாறும், அதே ரத்தத்துக்கு அளவும் மாறும்.

ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வாருங்கள். ஆபரேஷனுக்கு முன் 18.4, பிறகு 2.6, 2.9, 3.6, 4.7 என்று வைத்துக்கொள்வோம். கடைசி நான்கிலும் லேப் ஸ்டார் போட்டிருக்காது, எல்லாம் ‘நார்மல்’. ஆனால் ஒவ்வொரு முறையும் ஏறியிருக்கிறது. இதை டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். இன்னொருவருக்கு 2.6, 6.1, 3.0. நடுவில் ஓடியது ஆக்ஸாலிபிளாட்டின் கீமோ. அந்த மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்பால் அப்படித் தற்காலிகமாக ஏறும். புகைபிடித்தல், கணைய அழற்சி, மஞ்சள் காமாலை இருந்தாலும் ஏறும்.

முடி கொட்டுகிறதென்று சாப்பிடும் பயோட்டின் மாத்திரையும் குழப்பும். சில மெஷின்களில் உண்மை அளவைவிடக் குறைத்துக் காட்டிவிடும். ஏறுவது தெரியாமலே போகும். டாக்டரைக் கேட்டு 2, 3 நாள் முன்பே நிறுத்துங்கள், ரத்தம் எடுப்பவரிடமும் சொல்லுங்கள்.

ஒருமுறை ஏறியதும் கலங்க வேண்டாம், சில வாரத்தில் மறுபடி எடுங்கள். இரண்டாவதும் ஏறினால் தாமதிக்காமல் நெஞ்சு, வயிறு, இடுப்புக்கு சிடி ஸ்கேன், தேவைப்பட்டால் கொலோனோஸ்கோபி (கேமரா வைத்த குழாயால் பெருங்குடலைப் பார்ப்பது). கல்லீரலில் ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் தெரிந்தால், பலருக்கு அதையும் ஆபரேஷன் செய்து எடுக்க முடிகிறது.