நிடெபெலே முன்னாடைகளைச் சிறிய அளவில் செய்து பார்த்த அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் நிடெபெலே பெண்கள் இடுப்பில் கட்டி முன்புறம் தொங்கவிடும் பாசிமணி முன்னாடைகளை, அவை உருவாக்கப்படும் விதத்தைப் புரிந்துகொள்வதற்காகச் சிறிய அளவில் ஒவ்வொன்றாகச் செய்து வருகிறேன். படத்தில் பார்க்கும்போது கண் கோலங்களிலேயே நின்றுவிடுகிறது. ஊசியும் நூலுமாக உட்கார்ந்த பிறகோ, அணிபவள் வாழ்வின் எந்தக் கட்டத்தில் இருக்கிறாள் என்பதை முன்னாடையின் வடிவமும் விறைப்புமே முதலில் சொல்லிவிடுகின்றன என்பது தெளிவாகிறது.

சிறுமியர் அணியும் லிகாபியில் தொடங்கினேன். ஒரு சிறு மணிப்பட்டையும் அதன் கீழே தொங்கும் குஞ்சங்களுமே அதன் அமைப்பு. ஓடியாடும் குழந்தைக்குத் தடையில்லாத ஆடை என்பதால் செய்வதும் எளிது; அதிகம் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

அடுத்ததாக எடுத்துக்கொண்ட இசிபெபெத்து என்னை நெடுநாள் பிடித்து வைத்தது. பூப்புச் சடங்கு முடிந்த பெண் திருமணம் வரை அணியும், வளையாத பலகைபோல் விறைத்து நிற்கும் முன்னாடை இது. தாய் தன் மகளுக்குச் செய்து தருவது வழக்கம். பழைய ஆடைகளில் பெரும்பாலும் தோலின் மேலேயே மணிகளைத் தைத்தார்கள். பிற்காலத்தில் கேன்வாஸும் பிளாஸ்டிக் விரிப்பும் அந்த இடத்திற்கு வந்தன. நான் கேன்வாஸை இரண்டு மடிப்பாக ஒட்டி, தேன்மெழுகு பூசிய நூலில் மணிகளைக் கோத்து, அந்தச் சரத்தை வரிசையாகப் படியவைத்து, சில மணிகளுக்கு ஒருமுறை குறுக்குத் தையல் போட்டு இறுக்கினேன். 11/0 அளவு (ஏறக்குறைய 2 மி.மீ. தடிமனுள்ள) மணியில் 10 செ.மீ. சதுரத்தை நிரப்புவதற்கே ஏறக்குறைய 3,000 மணிகள் தேவைப்படுகின்றன. உண்மையான ஒரு முன்னாடைக்கும், அதற்கு மேல் மணப்பெண்ணின் மற்ற அணிகளுக்கும் ஆகும் உழைப்பை இதைக்கொண்டு ஊகித்துக்கொள்ளலாம்.

பழைய நிடெபெலே வேலைப்பாடுகளில் வெண்மணிகளே பெரும்பரப்பை நிறைத்திருக்கும். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் உருவங்கள் அதன் நடுவே குறைவாகவே வரும். அந்த வெள்ளையைப் பின்னணி என்று ஒதுக்கிவிட முடியாது என்பதே என் கருத்து. வண்ண மணிகளிடையே மறைந்துவிடும் சிறு தடிப்புகூட வெண்மணி வரிசையில் நிழலாக விழுந்து கண்ணை உறுத்துகிறது. ஆகவே வெள்ளைப் பகுதியைத் தொடங்குமுன் மணிகளைத் தட்டில் பரப்பி, தடித்ததையும் மெலிந்ததையும் தனித்தனியே ஒதுக்கிய பிறகே ஊசியைத் தொடுகிறேன். ஐரோப்பாவிலிருந்து, குறிப்பாக வெனிஸிலிருந்தும் பொஹீமியாவிலிருந்தும், வந்த கண்ணாடி மணிகளைக்கொண்டு அந்தப் பெண்கள் எத்தனை சீரான பரப்புகளை உருவாக்கினார்கள் என்பது இப்போது எனக்குப் பெருவியப்பாக இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டு நகர நகர வெள்ளை சுருங்கி, அடர்நீலமும் பச்சையும் ஊதாவும் பரவின.

உருவங்களை வரையும்போது வரலாற்றை விலக்கிவைக்க இயலாது. 1882–83இல் டிரான்ஸ்வால் பகுதியின் போயர்கள் (டச்சு வழிவந்த குடியேறிகள்) முற்றுகையிட்டு, நிடெபெலே மன்னர் நியாபேலாவைப் பணியவைத்து, நிலத்தைப் பறித்து, மக்களைப் பிரித்துப் பண்ணைகளில் ஐந்தாண்டு கட்டாய வேலைக்கு அமர்த்தினார்கள். ஓர் இனமாகச் சேர்ந்து வாழ வழியின்றிச் சிதறிய நிலையிலும், அடையாளத்தைச் சுவரிலும் உடலிலும் விடாமல் தாங்கி வந்தவர்கள் பெண்களே. சுவர் ஓவியத்திலும் மணி வேலையிலும் வீட்டு முகப்பு, படிக்கட்டு, மின்விளக்கு, விமானம் ஆகியவை பொதுவாக இடம்பெறுகின்றன. சில ஆடைகளில் வண்டி எண்பலகையின் எழுத்துகளும் உண்டு. 1935இல் பிறந்து, 1991இல் பிஎம்டபிள்யூ காரில் தம் ஓவியத்தைத் தீட்டிய நிடெபெலே ஓவியர் எஸ்தர் மஹ்லாங்கு, பொது இடங்களுக்கு மணியணிகளோடும் கோடுபோட்ட போர்வையோடும் வருவதைக் காணலாம். திருமணமான பெண் தோளில் போர்த்தும் அந்தப் போர்வையில், வாழ்வின் முக்கிய நிகழ்வுகளையொட்டி மணிப்பட்டைகளைச் சேர்த்துத் தைத்துக்கொண்டே போவதுண்டு.

மணப்பெண்ணின் பின்னால் தரைவரை நீண்டு தொங்கும் மணிப்பட்டையான நியோகாவை மனத்தில் வைத்து, இடையிலே ஒரு குறுகிய பட்டையும் பின்னினேன். மணிகளை இரண்டிரண்டாக எடுத்து, முந்தைய வரிசையின் அடுத்த மணிக்குள் ஊசியை இறக்கி, அதற்கடுத்த மணியின் வழியே மேலேற்றும் முறையைக் கையாண்டேன். இன்று உலகெங்கும் மணி கோப்போர் இதை நிடெபெலே தையல் என்றே அழைக்கிறார்கள். ஒவ்வொரு இணையும் ஒன்றையொன்று பார்த்துச் சற்றே சாய்ந்து நிற்பதால், துணிக்குரிய துவட்சி தானாகவே வந்துவிடுகிறது. கழுத்திலும் காலிலும் போடும் இசிகோல்வானி வளையத்திற்குக் கோரைப்புல்லை முறுக்கிக் கட்டி, அதன்மேல் மணிச்சரத்தைச் சுற்றினேன். உள்விளிம்பில் சரங்கள் நெருங்கி, வெளிவிளிம்பில் பிரிந்து நிற்பதால், வளையம் அகலமாகவும் புல்கட்டு மெல்லியதாகவும் அமைந்தால்தான் இடைவெளி கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

இப்போது கையில் இருப்பது, திருமணமான பெண் சடங்குகளின்போது அணியும் இஜோகோலோ. கீழ்விளிம்பு ஐந்து நாக்குகளாகப் பிரிந்து தொங்கும் இந்த முன்னாடைக்குப் பதப்படுத்திய ஆட்டுத்தோலையே எடுத்துக்கொண்டேன், கேன்வாஸ் அந்த வளைவுகளில் நூல்நூலாகப் பிரிந்துவிடும் என்பதால். நாக்குகளின் முனை உருண்டிருப்பதால், ஓரச் சரத்தை முதலில் விளிம்போடு வளைத்துத் தைத்துவிட்டு, உள்ளே கிடைவரிசைகளை ஒவ்வொரு மணியாகக் குறைத்து நிரப்ப வேண்டியிருக்கிறது. மூன்று நாக்குகள் வெண்மணியால் நிரம்பிவிட்டன. மீதி இரண்டையும் அதே பொதியிலிருந்து எடுத்த மணிகளால் முடித்த பிறகே மேற்பரப்பில் வீட்டு முகப்பு உருவத்தைத் தொடங்குவேன். பொதிக்குப் பொதி வெள்ளையின் நிறம் மாறுபடுவதால், மேலே தேவைப்படும் மணிகளையும் இப்போதே எடைபோட்டுத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன்.