பக்கி வாங்கலாமா வேண்டாமா: யோசிக்கும்போதே எழுதியது

மார்ச் 1, சனி

வாரக்கடைசியில் மணலில் ஓட்ட ஒரு டியூன் பக்கி வாங்கலாமா என்று அண்ணன் கேட்டதிலிருந்து வேறெதிலும் மனசு ஓடவில்லை. பாதிப் பணம் அவன், பாதி நான். ஆசை எனக்கும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஆசைப்பட்டதை எல்லாம் வாங்கி வாசலில் நிறுத்தினால் அப்புறம் வீட்டுக்குள் போக வழி இருக்காது. யோசிப்பதை அவ்வப்போது இங்கே எழுதி வைக்கிறேன்.

எதை வாங்குவது என்பதே முதல் குழப்பம். பக்கி என்ற ஒரே பேரில் மூன்று ரகம் ஓடுகிறது. பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் அடித்தட்டின் மேல் ஃபைபர்கிளாஸ் உடம்பை வைத்துக் கட்டியது ஒன்று. உடம்பே இல்லாமல் இரும்புக் குழாய்களை வெல்டிங் அடித்துக் கூண்டாக்கி, பின்னால் இன்ஜினை மாட்டிய சேண்ட் ரெயில் இன்னொன்று. மூன்றாவது, போலாரிஸ், கேன்-ஆம், யமஹா போன்ற கம்பெனிகள் தயாராகவே விற்கும் சைடு-பை-சைடு, அதாவது பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போகிற வண்டி, சாவியைத் திருகினால் ஓடும், ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எனக்கு மூன்றாவது. அண்ணனுக்கு முதல் இரண்டைத் தவிர எதுவும் பக்கியே இல்லை.

மார்ச் 2, ஞாயிறு

அண்ணன் காலையிலேயே போன் போட்டு வரலாறு எடுத்தான். 1964-ல் கலிஃபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் என்பவர், ஃபைபர்கிளாஸில் படகு கட்டிப் பழகியவர், அதே கைவேலையில் செய்த பக்கிதான் மேயர்ஸ் மேங்ஸ். 1967-ல் அவரும் டெட் மாங்கெல்ஸும் அதை எடுத்துக்கொண்டு மெக்ஸிகோவின் பாஹா தீபகற்பத்தில் லா பாஸுக்கும் டிஹுவானாவுக்கும் நடுவே இருக்கும் கரடுமுரடான தூரத்தை 34 மணி 45 நிமிடத்தில் முடித்தார்கள், அதுவரை மோட்டார்சைக்கிளில் இருந்த சாதனையைவிட சுமார் 5 மணி நேரம் குறைவு. பேர் கிடைத்த வேகத்திலேயே ஆளாளுக்கு அச்சு எடுத்துச் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள், மனிதர் வழக்குப் போட்டும் தோற்றார், 1971-ல் கம்பெனியை மூடிவிட்டார்கள். இன்று விற்பனைக்கு வரும் 'மேங்ஸ்' பெரும்பாலும் நகல்தான்.

பீட்டில் ஏன் என்று கேட்டேன். அதற்கு ரேடியேட்டரே கிடையாது, காற்றில்தான் குளிரும், அதனால் தண்ணீர் ஒழுகும் தொல்லை இல்லை. இன்ஜின் பின்னால் இருப்பதால் எடையின் பெரும்பகுதி, இழுக்கும் சக்கரங்களின் மேலேயே உட்கார்ந்துகொள்கிறது, மணலில் அதுதான் பிடி. உலகத்தில் 2 கோடியே 15 லட்சம் பீட்டில் செய்திருக்கிறார்கள் என்பதால் உதிரி பாகத்துக்கும் பஞ்சமில்லை. நல்ல காரணங்கள்தான், மறுக்கவில்லை.

மார்ச் 8, சனி

இன்று அண்ணனின் நண்பர் தன் சைடு-பை-சைடில் ஏற்றிக்கொண்டு போனார், அப்புறம் ஓட்டவும் கொடுத்தார். ஐயோ.

கார் ஓட்டும் பழக்கம் இங்கே பாதிதான் கைகொடுக்கிறது. கிளம்பும் முன்பே டயரில் காற்றை, ரோட்டில் வைப்பதில் பாதிக்கும் கீழே இறக்கினார், டயர் தட்டையாகப் பரந்தால்தான் மணலின் மேல் மிதக்கும். பிரேக் பிடிக்காதீர்கள், காலை மட்டும் எடுங்கள், மணலே நிறுத்திவிடும் என்றார், சொன்ன மாதிரியே நின்றது. நிறுத்துவதையும் மூக்கு இறக்கத்தைப் பார்க்கிற மாதிரி நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் திரும்பக் கிளம்பும்போது பின் சக்கரம் தனக்குத்தானே குழி தோண்டிக்கொள்ளும். ஏற்றத்தில் பாதியில் திணறினால் ஸ்டியரிங்கை ஒடிக்கக் கூடாது, வந்த தடத்திலேயே நேராக ரிவர்ஸில் இறங்க வேண்டும். சரிவில் வண்டியைக் குறுக்காகத் திருப்பினால் உருண்டுவிடும்.

பயம் வந்தது உச்சியில்தான். மணல்மேட்டின் காற்றடிக்கும் பக்கம் லேசான சாய்வாகவும் இறுக்கமாகவும் இருக்கிறது, மறுபக்கம் மணல் தானாகச் சரிந்து நிற்கிற கோணம், கிட்டத்தட்ட 34 டிகிரி, பொலபொலவென்று. ஏறி வரும் வரை அந்தப் பக்கம் எதுவும் தெரியாது. அங்கே இன்னொரு வண்டி ஏறிக்கொண்டிருக்கலாம், யாராவது நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருக்கலாம். அதற்காகத்தான் எல்லா வண்டியிலும் நீளமான வளையும் கம்பியில் கொடி கட்டியிருக்கிறார்கள், வண்டி தெரிவதற்கு முன்னால் கொடி தெரியும். கலிஃபோர்னியாவின் இம்பீரியல் மணல்மேடுகளில் கொடி இல்லாமல் ஓட்டவே கூடாது என்று விதியாம்.

செடி முளைத்த மேடுகளில் ஏற அவர் விடவில்லை. அந்த வேர்தான் மணலைப் பிடித்து வைத்திருக்கிறது, ஒரு தடவை டயர் ஏறினால் போச்சு. எனக்கு அது பிடித்தது.

சாயங்காலம் வரை வாய் மூடவில்லை. வாங்கிவிடலாம் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

மார்ச் 9, ஞாயிறு

அந்த நண்பர் வண்டி கழுவுவதைப் பார்க்கப் போனேன். நேற்றைய முடிவு ஆட்டம் கண்டுவிட்டது.

கழுவுவது என்றால் குழாயைப் பிடித்து அடிப்பது இல்லை. சீட்டைக் கழற்றி, அடிப்பக்கத் தகட்டை இறக்கி, மூலை முடுக்கெல்லாம் காற்று அடித்து, ஏர் ஃபில்டரை எடுத்துப் பார்த்து, கிரீஸ் வைத்து என்று மதியம் தாண்டியும் முடியவில்லை. இந்த வண்டிகளில் பலவற்றில் கியரை மாற்றி மாற்றி ஓட்டும் வேலை கிடையாது, ரப்பர் பெல்ட்தான் சக்தியைக் கடத்துகிறது, கனமான மணலில் மெதுவாக முக்கி முக்கி ஓட்டினால் பெல்ட் சூடேறி அறுந்துபோகும், அதனால் எப்போதும் ஒரு பெல்ட் கூடவே வைத்திருக்க வேண்டுமாம்.

இன்னொன்று, இந்த மாதிரி வண்டியைப் பல இடங்களில் பொதுச் சாலையில் ஓட்ட அனுமதி கிடையாது. அப்படியென்றால் ட்ரெய்லர் வேண்டும், ட்ரெய்லரை இழுக்கத் தெம்புள்ள கார் வேண்டும், இரண்டையும் நிறுத்த இடம் வேண்டும். விளம்பரத்தில் போடுகிற விலை வண்டிக்கு மட்டும்தான்.

மார்ச் 15, சனி

அண்ணன் பிடித்த சேண்ட் ரெயிலைப் பார்க்கப் போனோம். பீட்டிலின் 1600 சிசி இன்ஜின், இரண்டு சீட், ஆரஞ்சு நிறத்தில் பெயின்ட் அடித்து மினுக்கி வைத்திருந்தார்கள். பெயின்டைப் பார்த்தாலே அண்ணனுக்குச் சந்தேகம் வந்துவிடும். ஷாக் அப்சார்பர் மாட்டியிருக்கும் இடங்களில் டார்ச் அடித்து வெல்டிங்கில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று ஒவ்வொரு மூட்டாகத் தடவினான். பின் சக்கரத்தின் உச்சியைப் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டினான், லேசாக 'டக்' என்றது, பேரிங் தேய்மானம். ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு கை லீவர் இருந்தது, முன்னால் தள்ளினால் ஒரு பின் சக்கரத்துக்கு மட்டும் பிரேக், பின்னால் இழுத்தால் மற்றதுக்கு. முன்பக்கம் எடை குறைவாக இருப்பதால் மணலில் முன் சக்கரம் திருப்பினாலும் வண்டி நேரே போகும், அப்போது இந்த லீவர்தான் திருப்புமாம். இப்படி யோசித்தவனுக்கு ஒரு கும்பிடு.

அப்புறம் ஏர் ஃபில்டரைக் கழற்றினான். ஃபில்டர் புத்தம் புதுசு. அதைத் தாண்டி, கார்புரேட்டருக்குப் போகும் வாயில் விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி வெளியே எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினான். விரல் நுனியில் எண்ணெயோடு பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது, கட்டைவிரலால் தேய்த்தபோது நறநறவென்று கேட்டது. ஃபில்டரின் சுத்தமான பக்கத்தில் மணல் என்றால் அது ஏற்கெனவே சிலிண்டருக்குள் போய்ப் பிஸ்டன் வளையங்களைத் தின்றிருக்கும். விற்பவர், "அதெல்லாம் சும்மா தூசிங்க" என்றார்.

போகலாம் அண்ணா என்று கையை இழுத்தேன். அவன் நகரவில்லை. முகத்தில் ஒரு சந்தோஷம் வேறு.

மார்ச் 19, புதன்

வீட்டில் பேச்சு. என் வீட்டுக்காரர் விலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "உருண்டால் கை எங்கே இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். சரியான கேள்வி. வண்டி கவிழும்போது யாராக இருந்தாலும் அனிச்சையாகக் கையை வெளியே ஊன்றப் பார்ப்பார்கள், கூண்டுக் கம்பிக்கும் தரைக்கும் நடுவே கை மாட்டிக்கொள்ளும். பக்கவாட்டு வலையோ, கையைக் கட்டி வைக்கும் பட்டையோ இல்லாமல் உயரமான கூண்டும் ஹெல்மெட்டும் மட்டும் போதாது. அண்ணன் பார்த்த வண்டியில் இரண்டுமே இல்லை.

மார்ச் 22, சனி

முடிந்துவிட்டது, ஆனால் நான் நினைத்த மாதிரி இல்லை.

அண்ணனுக்கு வேண்டியது ஷெட், எனக்கு வேண்டியது மணல். அந்த ஆரஞ்சு வண்டியில் எனக்குத் தெரிந்தது கெட்டுப்போன இன்ஜின், அவனுக்குத் தெரிந்தது இன்ஜினைப் பிரிக்க ஒரு நல்ல சாக்கு. கூட்டாக வாங்கியிருந்தால் ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் 'எப்போது ஓடும்' என்பேன், அவன் 'பொறு' என்பான், நல்ல அண்ணன் தங்கை உறவு கெட்டதுதான் மிச்சம். அதனால் வண்டி அவன் பணத்தில், அவன் பேரில். விரல் நுனி மணலைக் காட்டியே விலையையும் நன்றாகக் குறைத்துவிட்டான். வலை, பட்டை, ஐந்து முனை சீட் பெல்ட் மூன்றும் என் செலவு, அவை மாட்டாமல் வண்டி மணலில் இறங்கக் கூடாது என்பது நிபந்தனை, ஒத்துக்கொண்டான். மீதிப் பணம் என்னிடமே இருக்கட்டும். ஓட்ட ஆசை வரும்போது மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து ஓட்டிவிட்டு, சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன், கழுவுவது அவர்கள் பாடு.

இப்போதுதான் போன் வந்தது. நாளைக்கு இன்ஜினை இறக்குகிறானாம், நாலே நாலு போல்ட்தானாம், டார்ச் பிடிக்க வா என்கிறான். ஓடும்போது சொல், வருகிறேன் என்றேன்.