சாயங்கால வண்டி எந்தப் பக்கம் நிற்கும்?

காலையில் பிரச்சினையே இல்லை. கோபிசெட்டிபாளையத்துக்குப் போகும் பள்ளிப் பேருந்து எங்கள் வீடுகள் இருக்கும் பக்கமே நின்று பிள்ளைகளை ஏற்றிக்கொள்ளும். சாயங்காலம் அதே வண்டி சத்தியமங்கலம் நோக்கி வரும்போது எதிர்ப்பக்கத்தில் இறக்கிவிடும். பிள்ளைகள் வண்டிக்கு முன்னால் புகுந்து ஓடி வருவார்கள். பின்னால் வந்து முந்துகிற வண்டிக்காரருக்கு அவர்கள் தெரியமாட்டார்கள். பம்பரை ஒட்டி நடக்கும் குட்டிப் பிள்ளையை உயரத்தில் உட்கார்ந்திருக்கும் டிரைவராலும் பார்க்க முடியாது. கரும்பு வெட்டும் காலத்தில் டிராக்டர்களும் சேர்ந்துகொள்ளும்.

முதலில் பள்ளியில் கேட்டோம். "எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) இருக்கு, கேமரா இருக்கு, ஆயாம்மா இருக்காங்க, எல்லாம் சரியா இருக்குங்க" என்றார் வண்டிகளைக் கவனிக்கிறவர். அவர் சொன்னது பொய்யில்லை. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே முடிச்சூரில், பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்தாள். உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அந்த ஆண்டே பள்ளிப் பேருந்துகளுக்குத் தனி விதிகள் வந்தன. 2022இல் சென்னையில் பள்ளி வேன் மோதி ஒரு சிறுவன் இறந்த பிறகு கேமராவும் சென்சாரும் கட்டாயமாயின. கோடை விடுமுறையில் மைதானத்தில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி அவசர வழி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி என்று அதிகாரிகள் பார்ப்பார்கள். நல்லதுதான். ஆனால் வண்டி சாலையின் எந்தப் பக்கம் நிற்கிறது என்று மைதானத்தில் எப்படித் தெரியும்?

சரி, திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுக்கலாம் என்று ஈரோடு கலெக்டர் ஆபீசுக்குப் போனோம். வாசலில் மனு எழுதித் தருகிறவர்தான் உருப்படியான யோசனை சொன்னார்: "'தக்க நடவடிக்கை எடுக்கவும்'னு மட்டும் எழுதுனா சுத்திக்கிட்டே இருக்கும். எந்தக் கிலோமீட்டர் கல், எந்தத் துறை, என்ன வேணும்னு எழுதுங்க." சாயங்கால நேரத்துப் போட்டோவும் இணைத்தோம். மனு நெடுஞ்சாலைத் துறைக்குப் போனது.

உதவிக் கோட்டப் பொறியாளர் அலுவலகத்திலிருந்து டேப்போடு வந்து அளந்தார்கள். நாங்கள் கேட்ட வேகத்தடையைத் தரவில்லை. பேருந்துகளும் ஆம்புலன்சும் போகும் சாலையாம். முறையான வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டுமாம். ஊருக்குள் நாம் பார்ப்பதெல்லாம் முதுகை உடைக்கும் மேடுதான். அதற்குப் பதில் குறுக்கே தடித்த வெள்ளைக் கோடுகள் போட்டு, பள்ளிப் பலகை நட்டார்கள். காவல் நிலையத்தில் தனியாகக் கேட்டு வாங்கிய பேரிகார்டு, நகைக்கடை விளம்பரத்தோடு வந்தது. வேகம் கொஞ்சம் குறைந்தது. பிள்ளைகள் குறுக்கே ஓடுவது அப்படியேதான் இருந்தது.

வழி டீக்கடையில் கிடைத்தது. "கடைசி ஸ்டாப்புல எல்லாரையும் இறக்கிட்டு, காலி வண்டியா இதே ரோட்டுலதானுங்க திரும்பி வர்றேன்" என்றார் டிரைவர் அண்ணன். அப்படியானால் திரும்பும்போது எங்கள் பிள்ளைகளை இறக்கினால் போதுமே! கூடுதல் டீசல்கூட இல்லை. எல்லாப் பெற்றோரும் சம்மதக் கடிதம் தந்தால் செய்வதாகப் பள்ளி சொன்னது.

உண்மையில் மனுவைவிட இந்தக் கையெழுத்துதான் கஷ்டம். "பசியோட புள்ளைய எதுக்கு ஊர் சுத்த வெக்கோணும்?" என்று ஒரு ஆத்தா பிடிவாதமாக நின்றார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது, பிள்ளைகள் வீடு சேரக் கால் மணி நேரம் தாமதமாகும். ஒரு நாள் சாயங்காலம் அவரையே நிறுத்தத்துக்குக் கூட்டிப்போய் நிற்கவைத்தோம். பேரன் டிராக்டருக்கு முன்னால் ஓடி வந்ததைப் பார்த்தவர், அங்கேயே பேனா கேட்டார். அப்புறம் பையில் முறுக்கோ கடலை மிட்டாயோ வைத்துவிடுவது என்று முடிவானது.

காலாண்டு விடுமுறைக்குப் பிறகு வண்டி எங்கள் பக்கம் நிற்கிறது. ஆயாம்மா முதலில் இறங்கி, எண்ணி இறக்குகிறார். டவுன் பஸ்ஸில் வரும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த வழி உதவாது. அவர்கள் இன்னும் எதிர்ப்பக்கமிருந்துதான் கடக்கிறார்கள். அவர்களுக்காக வரிக்குதிரைக் கோடும் விளக்கும் கேட்டு அடுத்த மனு கொடுத்திருக்கிறோம். இந்த முறை கிலோமீட்டர் கல்லின் போட்டோவும் சேர்த்து.